முளைக்க மறுத்த தேக்கு: நிலம்பூர் நாற்றங்காலின் கதை

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரப்பு ஓரமாக 22 வருஷத்துக்கு முன்னால் அவர் நட்ட தேக்கு மரங்கள். முந்தின வாரம்தான் ஒரு மர வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். பெரும்பாலான மரங்கள் ஆளுயரம் தாண்டியதுமே இரண்டாகக் கவட்டை விட்டிருந்தன. சில மரங்கள் வளைந்து வளைந்து போயிருந்தன. "இதுல பலகை வராதுங்க, விறகு விலைக்குன்னா எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாராம்.

"தண்ணி விட்டேன், எரு போட்டேன், ஆடு மாடு கடிக்காம வேலி போட்டேன். நான் என்னடா குறை வெச்சேன்?" என்று சித்தப்பா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கன்று எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். லாரியில் கொண்டுவந்து சந்தையில் விற்றார்களாம். எந்த நர்சரி, எந்த மரத்து விதை, எதுவும் தெரியாது. தேக்கு என்றார்கள், வாங்கிவிட்டார்.

இப்போது அவருக்கு 68 வயது. இன்னொரு இரண்டு ஏக்கரில் மறுபடியும் தேக்கு போடலாமா என்று யோசிக்கிறார். "இன்னொரு தடவை தப்புப் பண்ண எனக்கு வயசில்ல" என்றார். அந்த வார்த்தைதான் என்னை இந்த விஷயத்தைத் தோண்ட வைத்தது. தோண்டப் போனால் அது 1840-க்கு, மலபாருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

கப்பலுக்கு மரம் வேண்டும்

கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாகக் கீழே இறங்கினால் வருவது நிலம்பூர். இன்று கேரளத்தில் மலப்புரம் மாவட்டம். அன்று சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டம். சாலியாறு பாயும் பள்ளத்தாக்கு. தேக்குக்குப் பேர்போன இடம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேக்கு என்பது கிட்டத்தட்ட ராணுவத் தளவாடம். இங்கிலாந்தில் கப்பல் கட்ட ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு. பம்பாய் கப்பல் கட்டும் தளத்தில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிய கப்பல்கள் பிரிட்டிஷ் கடற்படைக்கே போயின. 1817-ல் அங்கே கட்டிய எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. இருநூறு வருஷம் தண்ணீரில் கிடந்தும் உருப்படியாக நிற்கிற மரம் அது.

இதனால் மலபார் காடுகள் மொட்டையாகிக்கொண்டே வந்தன. 1806-ல் கேப்டன் வாட்சன் என்பவரைக் காட்டுப் பாதுகாவலராகப் போட்டார்கள். ஆனால் அந்தப் பதவி மரத்தைக் காப்பாற்றியதைவிட, மரத்தைக் கம்பெனிக்கு மட்டும் என்று வளைத்துப்போட்டதுதான் அதிகம். காட்டுக்குச் சொந்தக்காரர்களும் வியாபாரிகளும் கொதித்துப்போனார்கள். 1823-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ அந்தப் பதவியையே எடுத்துவிட்டார். அதன் பிறகு வெட்டு இன்னும் வேகமானது.

இந்த நிலைமையில்தான் மலபார் கலெக்டராக இருந்த ஹென்றி வாலன்டைன் கனோலி 1840-ல் ஒரு யோசனை சொன்னார். வெட்டுவதைத் தடுக்க முடியாது என்றால், நட்டு வளர்ப்போம். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியும். அன்றைக்கு இந்தியாவில் ஒரு அரசாங்கம் 60, 70 வருஷம் கழித்து வெட்டப்போகிற மரத்துக்காக இன்று காசு போடுவது புதுசு. நிலம்பூர் பகுதியில் நிலச் சொந்தக்காரர்களிடமிருந்து குத்தகைக்கு நிலம் எடுத்தார்கள். நிலம் தயார், பணம் தயார், மழை தயார். கொட்டையைப் போட்டார்கள். முளைக்கவில்லை.

கொட்டைக்குள் என்ன இருக்கிறது?

இதை முதலில் படித்தபோது எனக்கு நம்பிக்கையே வரவில்லை. காட்டில் தானாக முளைக்கிற மரம், போட்டால் முளைக்காதா?

தேக்கங்கொட்டை என்று நாம் சொல்வது உண்மையில் விதை இல்லை, கனி. வெளியே கம்பளி மாதிரி ஒரு தடித்த மேல்தோல். அதற்குள்ளே கல் மாதிரி ஒரு ஓடு. அந்த ஓட்டுக்குள் நாலு அறைகள். நாலிலும் விதை இருக்கலாம், ஒன்றில் மட்டும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமல் வெறும் கூடாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். விதை நல்லதாக இருந்தாலும் ஓடு இளகித் தண்ணீர் உள்ளே போக நாளாகும். ஒன்று மூன்றாவது வாரம் முளைக்கும், பக்கத்தில் இருப்பது அடுத்த வருஷ மழைக்கு முளைக்கும்.

காட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. ஒரு வருஷம் மழை பொய்த்தாலும் அடுத்த வருஷத்துக்குக் கையிருப்பு இருக்கும். ஆனால் ஒரே நாளில், ஒரே வயசில், வரிசையாக ஆயிரக்கணக்கில் கன்று வேண்டும் என்கிற மனிதனுக்கு இது பெரிய தலைவலி.

கனோலியின் ஆட்கள் முதல் சில வருஷங்கள் பலதும் முயன்று பார்த்தார்கள். தண்ணீரில் ஊறவைத்தார்கள். கோடையில் காட்டுத்தீ ஓடிய பிறகுதானே மழைக்கு முளைக்கிறது என்று யோசித்து, கொட்டைமேல் புல்லைப் பரப்பித் தீ வைத்துக்கூடப் பார்த்தார்கள். எதுவும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை.

கடைசியில் வழி திறந்தது பழைய குறிப்பு ஒன்றிலிருந்து. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தை நடத்திய வில்லியம் ராக்ஸ்பர்க், அதற்குப் பல வருஷம் முன்பே தேக்கு முளைக்க வைத்திருந்தார். மழை தொடங்கும்போது, நிழலான பாத்தியில் போட்டு, மேலே லேசாக மண்ணும் மக்கிய வைக்கோலும் மூடு என்பதுதான் அதன் சாரம். ஈரம் சீராக இருக்க வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் குறிப்பு கையில் இருப்பது வேறு, வருஷா வருஷம் அதைப் பிசகாமல் செய்வது வேறு. அங்கேதான் சாத்து மேனன் வருகிறார். 1840-களின் நடுவில் துணைப் பாதுகாவலராகப் பொறுப்பேற்ற உள்ளூர்க்காரர். கிட்டத்தட்ட இருபது வருஷம், 1862 வரை, நிலம்பூரின் நாற்றங்காலையும் நடவையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். பல லட்சம் கன்றுகள் அவர் மேற்பார்வையில் மண்ணுக்குப் போயின. கனோலி 1855-ல் கோழிக்கோட்டில் தன் பங்களாவிலேயே கொல்லப்பட்டார். திட்டத்தைத் தொடங்கியவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை. காரணம், செய்முறை அதற்குள் ஆட்களின் கைக்கு வந்துவிட்டது.

1846-ல் நட்ட மரங்களில் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. கனோலி பிளாட் என்று பெயர். சாலியாற்றங்கரையில் அருவாக்கோட்டில், சுமார் 2.3 ஹெக்டேர். உலகத்தின் மிகப் பழைய தேக்குத் தோட்டம் என்று சொல்கிறார்கள். பக்கத்திலேயே 1995-ல் தொடங்கிய தேக்கு அருங்காட்சியகமும் இருக்கிறது. பெயர்ப்பலகையில் கனோலி பெயர் இருக்கிறது. என்னைக் கேட்டால் பாதிப் பெயர் சாத்து மேனனுக்குச் சேர வேண்டும்.

கன்றைக் கழிப்பதும் ஒரு வேலை

முளைத்துவிட்டால் போதுமா? போதாது. இருபதாம் நூற்றாண்டில் தேக்கு நடவையே மாற்றிய ஒரு முறை வந்தது: நாற்றுக்குச்சி. பாத்தியில் ஒரு வருஷம் வளர்ந்த நாற்றைப் பிடுங்கி, ஆணிவேரில் ஒரு சாணும் தண்டில் ஓரிரண்டு விரற்கடையும் மட்டும் விட்டு, பக்கவேர் இலை எல்லாவற்றையும் நறுக்கிவிடுவார்கள். பார்த்தால் காய்ந்த முருங்கைக் குச்சி மாதிரி இருக்கும். அதைக் கடப்பாரைக் குழியில் இறுக்கிச் செருகினால் மழைக்குத் துளிர்க்கும். தேக்கின் வேரில் அவ்வளவு சேமிப்பு இருக்கிறது.

இதில் வசதி என்னவென்றால் தூக்கிக்கொண்டு போவது சுலபம். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. குச்சி நறுக்கும்போதே தரம் பிரித்தாக வேண்டும். பென்சிலை விடச் சன்னமாக இருந்தால் கழி. கோணலாக இருந்தால் கழி. வேர் இரண்டாகப் பிரிந்திருந்தால் கழி. நல்ல நர்சரி எத்தனை கன்று வளர்க்கிறது என்பதைவிட எத்தனை கன்றைத் தூக்கிப் போடுகிறது என்பதில்தான் அதன் யோக்கியதை தெரியும். எதையும் கழிக்காத நர்சரி, தான் கழிக்க வேண்டியதை நம் நிலத்தில் கொண்டுவந்து நட்டுவிடுகிறது. நாம் அதை 20 வருஷம் கழித்துக் கழிக்கிறோம்.

தாய் மரம் யார்?

சித்தப்பாவின் கவட்டைக்கு இங்கேதான் எனக்கு விடை கிடைத்தது.

தேக்கு பூப்பது நுனியில். மரத்தின் நடுத்தண்டு நுனி மொட்டு பூங்கொத்தாக மாறிவிட்டால் அந்தத் தண்டு அதோடு முடிந்தது. அடுத்து, கீழே எதிரெதிராக இருக்கும் இரண்டு மொட்டுகளும் வளரும். கவட்டை விழுவது இப்படித்தான். மரம் 15 மீட்டர் உயரம் போன பிறகு முதல் பூ பூத்தால் கவட்டை 15 மீட்டரில் விழும், அதற்குக் கீழே முழு நீளப் பலகை கிடைக்கும். மூணாவது நாலாவது வருஷமே பூத்துவிட்டால் கவட்டை தலைக்கு மேலேயே விழுந்துவிடும். எந்த வயசில் முதல் பூ என்பது பெருமளவு பரம்பரைக் குணம்.

இப்போது விதை பொறுக்குகிறவர் இடத்தில் நின்று யோசியுங்கள். அவருக்குக் கூலி எடைக்கு. நடுக்காட்டில் நெட்டையாக நேராக நிற்கும் மரத்தடியில் கொட்டை குறைவு. ரோட்டோரம், வெளிச்சத்தில், குட்டையாக, கிளை பரப்பி, சீக்கிரமே பூத்த மரத்தடியில் கொட்டை கொட்டிக் கிடக்கும். அவர் எதைப் பொறுக்குவார்? யாரும் ஏமாற்றவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சாக்கு மூட்டைக்குள் போவதெல்லாம் மோசமான தாய்களின் பிள்ளைகள். நாம் தெரியாமலே, தலைமுறை தலைமுறையாக, கவட்டைக்காகவே தேர்வு செய்துகொண்டிருக்கிறோம்.

வனத்துறைகளும் ஆராய்ச்சி நிலையங்களும் விதைத் தோப்பு என்று தனியாக ஒதுக்கி வைப்பது இதற்காகத்தான். நல்ல தோட்டத்தில் மோசமான மரங்களை முதலில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் நல்லவை தங்களுக்குள் மகரந்தம் மாற்றிக்கொள்ளட்டும் என்று விடுவது. தேக்குக்குப் பூச்சிகள்தான் மகரந்தம் சுமக்கின்றன. தாய் மட்டும் நன்றாக இருந்து போதாது, அக்கம்பக்கமும் நன்றாக இருக்க வேண்டும்.

பத்ராசலத்துத் தைல மரம்

நாற்றங்கால் லாபத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு எண்ணோடு பேசும் உதாரணம் வேண்டுமென்றால் தைல மரத்திடம் போக வேண்டும்.

பிரேசிலில் அராக்ரூஸ் என்ற காகிதக்கூழ் கம்பெனி 1970-களில் ஒரு சிக்கலில் இருந்தது. விதையிலிருந்து வளர்த்த தைல மரங்கள் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, பாதிக்கு நோய். அவர்கள் செய்தது: தோட்டத்திலேயே மிகச் சிறந்த மரங்களைத் தேடி, வெட்டி, அடிக்கட்டையில் துளிர்க்கும் இளங்கிளைகளை எடுத்து வேர்விட வைத்து, அதே மரத்தின் அச்சு அசல் நகல்களை நட்டார்கள். இதற்காக அந்தக் குழுவுக்கு 1984-ல் மார்கஸ் வாலன்பர்க் பரிசு கிடைத்தது. மரத்துறையில் அதை நோபல் மாதிரி மதிக்கிறார்கள்.

இந்தியாவில் இதை 1989-ல் கையில் எடுத்தது ஐ.டி.சி.யின் பத்ராசலம் காகித ஆலை. விதை வழியில் ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 6 முதல் 10 கன மீட்டர் கிடைத்துக்கொண்டிருந்த இடத்தில், தேர்ந்தெடுத்த குளோன்கள் சராசரியாக 20 முதல் 25 கன மீட்டர் கொடுத்தன. நிலம் ஏறக்குறைய அதே நிலம்தான், மழையும் அதேதான். மாறியது நாற்றங்கால். இரண்டு மடங்குக்கு மேல் மகசூல், அதுவும் ஒரே பருமனில், ஒரே நேரத்தில் வெட்டும்படியாக. அதன் பிறகு குளோன் நாற்று என்பது தென்னிந்தியா முழுக்கப் பரவியது. கோயம்புத்தூரில் 1988-ல் தொடங்கிய வன மரபியல் நிலையம் சவுக்கில் கலப்பினக் குளோன்களை வெளியிட்டிருக்கிறது. கடலோர விவசாயிகளுக்கு அது பழகிப்போன பெயராகிவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் இஸ்ரேல் பக்கம் தென்பட்ட ஒரு சின்னக் குளவி, இலைக்காம்பிலும் நரம்பிலும் முண்டு முண்டாகக் கழலை உண்டாக்குவது, சீக்கிரமே தென்னிந்தியாவுக்கும் வந்துவிட்டது. நாற்றங்கால்களையும் இளம் தோட்டங்களையும்தான் முதலில் பிடித்தது. சில குளோன்கள் தாக்குப்பிடித்தன, சில சுருண்டு போயின. நூறு ஏக்கரும் ஒரே குளோன் என்றால், அந்தக் குளோன் விழுந்தால் நூறு ஏக்கரும் விழும். நான் இருக்கும் மென்பொருள் தொழிலில் எல்லா சர்வரிலும் ஒரே ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் சர்வருக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டுப்போடலாம். மரத்துக்கு முடியாது. ஆகவே நல்ல நர்சரி வேகமான ஒன்றை மட்டும் தராது. நாலைந்து வகை கலந்து தரும், நோய்ப்பட்ட கன்றை வெளியே விடாது.

ஒரு சின்னக் கணக்கு

"எட்டு ரூபாய்க்குக் கன்று தர்றான், நீ சொல்ற இடத்துல பதினெட்டு கேப்பான்" என்று சித்தப்பா போனில் சொன்னார். அதனால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விலைகள் அவர் சொன்னவை, வட்டி நான் வைத்துக்கொண்டது.

மூன்றுக்கு மூன்று மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 450 தேக்கு. கன்றுக்கு 10 ரூபாய் கூடுதல் என்றால் ஏக்கருக்கு 4,500 ரூபாய் கூடுதல். அந்தப் பணத்தை 8 சதவீதக் கூட்டு வட்டியில் 25 வருஷம் போட்டிருந்தால் ஏறக்குறைய 30,800 ரூபாய் ஆகியிருக்கும். களைத்து எடுத்ததுபோகக் கடைசியில் 150 மரம் நிற்கிறது என்று வையுங்கள். அப்படியென்றால் மரத்துக்கு 205 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தாலே முதலும் வட்டியும் வந்துவிடுகிறது.

பலகை விலைக்குப் போகும் ஒரு தேக்குக்கும் விறகு விலைக்குப் போகும் ஒரு தேக்குக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் 205 ரூபாயா? சித்தப்பாவே சிரித்துவிட்டார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. 22 வருஷம் முன்னால் மிச்சம் பிடித்த காசை நினைத்திருப்பார்.

இதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கன்று நன்றாக இருந்தால் மட்டும் எல்லாம் நடந்துவிடாது. நிலம்பூரிலேயே ஆற்று வண்டல் மண்ணில் நின்ற தேக்கு ஓங்கி வளர்ந்தது. அதே கன்றைச் செம்புறாங்கல் மேட்டில் நட்ட இடங்களில் மரம் சவலையாக நின்றுவிட்டது. தண்ணீர் தேங்கும் நிலத்துக்கும் தேக்கு ஆகாது. நல்ல கன்றால் மோசமான மண்ணைக் காப்பாற்ற முடியாது. ஆனால் மோசமான கன்று நல்ல மண்ணையும் கெடுத்துவிடும்.

நர்சரியில் என்ன கேட்பது?

சித்தப்பாவுக்கு நான் எழுதிக் கொடுத்தது நாலே கேள்வி.

ஒன்று, விதை எந்த ஊர், எந்தத் தோப்பு? "நல்ல விதைதாங்க" என்பது பதில் இல்லை. ஊர் பெயர் சொல்ல வேண்டும்.

இரண்டு, கன்றுக்கு என்ன வயசு? பை கன்றாக இருந்தால் ஒன்றைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு கன்றுக்குக் காசு கொடுத்துவிடுங்கள். பாலிதீன் பைக்குள் நாள்பட்டுக் கிடந்த கன்றின் வேர் அடியில் சுருண்டு சுருண்டு கயிறு திரித்த மாதிரி இருக்கும். நட்ட பிறகும் அந்தச் சுருள் அவிழாது. மேலே செழிப்பாகத் தெரிந்த மரம் ஏழெட்டு வருஷத்தில் ஒரு காற்றுக்கு வேரோடு சாயும். உள்பக்கம் வரிப்பள்ளம் வைத்த ரூட் ட்ரெய்னர் குப்பிகள் வந்ததே வேரை நேராகக் கீழே இறக்கத்தான்.

மூன்று, எத்தனை கழித்தீர்கள்? கழித்த குவியலைக் காட்டச் சொல்லுங்கள். குவியலே இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

நாலு, நட்டு மூன்று நாலு வருஷம் ஆன உங்கள் கன்று எந்தத் தோட்டத்தில் நிற்கிறது? முகவரி கொடுத்தால் போய்ப் பாருங்கள்.

போன மாதம் சித்தப்பா போன் செய்தார். மூன்று நர்சரிக்குப் போனாராம். இரண்டு இடத்தில் முதல் கேள்விக்கே கோபித்துக்கொண்டார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு வயசான அம்மா, வனத்துறை விதைத் தோப்பில் வாங்கின ரசீதை எடுத்துக் காட்டி, கழித்த குச்சிக் குவியலையும் காட்டினாராம். "அந்தக் குவியல் பெரிசா இருந்துச்சுடா" என்றார். ஆடி மழைக்கு ஒரு ஏக்கர் மட்டும் முதலில் போடுவதாக முடிவு. இன்னொரு ஏக்கர் என் தம்பி பெயரில், அடுத்த வருஷம்.

25 வருஷம் கழித்து அதை வெட்டும்போது சித்தப்பா இருப்பாரா என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாத்து மேனனும் தான் நட்ட தேக்கு முற்றி வைரம் பாய்ந்ததைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் பாத்தியில் எந்த நாற்று இருக்கலாம், எது கூடாது என்று பார்த்துப் பார்த்து நட்டவை இன்னும் அருவாக்கோட்டில் நேராக நிற்கின்றன. அந்தப் பக்கம் போனால் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். அண்ணாந்து பாருங்கள், முதல் கவட்டை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று.